அரவைக் காலத்தில் ஓர் அறுவை

துல்லியோ மார்கெசானுக்குக் கவலைப்பட ஒரு காரணம் வேண்டும் என்பதில்லை. மழைக்காலத்தில் ஹெர்பர்ட் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். வெயில் காலத்தில் பம்பு நின்றுவிட்டதோ என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். அதே பிரசவத்தில் கொஞ்சம் முந்திப் பிறந்த எட்சியோ நேர்மாறு. வெள்ளம் வீட்டுப் படியேறி வந்த வருடம்கூட, சாப்பாட்டு மேசையின்மேல் ஏறி உட்கார்ந்து சலாமி இறைச்சியை நறுக்கித் தின்றுகொண்டிருந்தவர் அவர். இருவருக்கும் ஒரே முகம், ஒரே குரல், ஒரே வழுக்கை. இங்ஹாம் ஊரில் அறுபது வயது தாண்டியும் அவர்களைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவர்கள் உண்டு. தெரிந்தவர்கள், நெற்றி சுருங்கியிருந்தால் துல்லியோ என்று வைத்துக்கொள்வார்கள்.

அப்பா இத்தாலியிலிருந்து வந்து கையால் கரும்பு வெட்டியவர். அவர் வாங்கிப் போட்ட நிலத்தைப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொண்டார்கள். வெட்டு எந்திரத்தை ஓட்டுவது எட்சியோ. வெட்டின கரும்பை டிராக்டரில் வாங்கிக்கொண்டுபோய் மில்லின் ரயில் பெட்டிகளில் கொட்டுவது துல்லியோ. அந்த எந்திரத்தின் இருக்கையில் துல்லியோ ஏறியதே இல்லை. அவ்வளவு பெரிய எந்திரம், அவ்வளவு கத்திகள், முன்னால் ஏதாவது கல் கிடந்தால்?

அப்பாவின் சாவுதான் துல்லியோவின் கவலைகளுக்கெல்லாம் மூத்தது. முதுகு வலிக்கிறது என்றார் அப்பா. குனிந்து வெட்டின முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள் எல்லாரும். கடைசியில் பார்த்தால் புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கின புற்றுநோய் எலும்பெல்லாம் பரவியிருந்தது. அந்தப் பெரிய மனிதரைக் குழந்தை மாதிரித் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோனது துல்லியோ. அன்றிலிருந்து வருடம் தவறாமல் ரத்தம் கொடுத்து, புராஸ்டேட் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் பி.எஸ்.ஏ. அளவைப் பார்த்துவிடுவார். எட்சியோ ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை.

போன வருடம் அரவை தொடங்கும் சமயத்தில் துல்லியோவின் அளவு ஏறிவிட்டது. டவுன்ஸ்வில் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அப்பா காலத்தில் இதற்கெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி குத்துகிற மாதிரிதான் சோதனை. இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, சந்தேகமான இடம் எது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் குறிவைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு கேட்கப் போனபோது மனைவி நீவெஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்திருந்தார். அறுவை மருத்துவர் ஃபெனெல்லா காரிக் சுற்றி வளைக்கவில்லை.

"கேன்சர்தான், துல்லியோ. ஆனா ரொம்பச் சின்னது, சாது. தூங்கிக்கிட்டிருக்கு."

"எப்போ அறுக்கிறீங்க?"

"அறுக்கப் போறதில்ல. ரத்தம் பாப்போம், படம் எடுப்போம், தேவைன்னா மறுபடி சதை எடுத்துப் பாப்போம். உங்க வாழ்நாள் முழுக்க அது எந்திரிக்காமலே போகலாம்."

"அது நெஜமாத் தூங்குதா, தூங்குற மாதிரி நடிக்குதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ சும்மா இரு துல்லியோ," என்றார் நீவெஸ். "வேணாம்னு சொல்ற டாக்டர் கிடைக்கிறதே பெரிசு."

"உள்ள கேன்சரை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சாப்பிடுவேன்? எப்படித் தூங்குவேன்?"

"போன வாரம் வரைக்கும் அதோடதானே தூங்கின?"

காரிக் சிரிக்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னார் துல்லியோ. கூடப் பிறந்தவர்கள்?

"ஒரு அண்ணன். ரெட்டைப் பிள்ளைங்க, ஒரே அச்சு," என்றார் நீவெஸ்.

காரிக் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அவர் டெஸ்ட் எடுத்தாரா?"

"எட்சியோவா? பல்லு வலிச்சா பல்லைத் திட்டுவாரே தவிர டாக்டர்கிட்டப் போகமாட்டார்."

"போகச் சொல்லுங்க. இந்த வாரமே."

அன்று சாயங்காலமே துல்லியோ கொட்டகைக்குப் போனார். எட்சியோ வெட்டு எந்திரத்தின் அடியில் மல்லாந்து படுத்து, தேய்ந்த கத்திகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்த பூட்ஸ் கால்களிடம்தான் துல்லியோ எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

"அதான் அறுக்க வேணாம்னுட்டாங்கள்ல," என்றது எந்திரத்தின் அடியிலிருந்து குரல். "அப்புறம் ஏன்டா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற?"

"நீயும் ரத்தம் குடுக்கணுமாம்."

"உன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுதானே. உன்னுதுலயே பாத்துக்கச் சொல்லு."

"வெளையாடாத எட்சியோ. அப்பாவைத் தூக்கினது நான். உன்னைத் தூக்க என்னால முடியாது. நீ அவரைவிடக் கனம்."

எட்சியோ கிரீஸ் முகத்தோடு வெளியே ஊர்ந்து வந்தார்.

"சரி, ஒரு பேரம். நான் ரத்தம் குடுக்கிறேன். அரவை முடியிற வரைக்கும் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தா ஸ்பேனராலயே போடுவேன்."

ரத்தம் கொடுத்தார். அளவு துல்லியோவினுடையதில் பாதிக்கும் சற்று மேல்தான். ஞாயிற்றுக்கிழமை போச்சே பந்தாட்டத்தில் எட்சியோ பந்தை உருட்டிவிட்டுத் திரும்பித் திரும்பி ஆள் ஆளாகச் சொன்னார்: "தம்பியோட அளவு டிராக்டர், என்னுது சைக்கிள். அவ்வளவுதான் வித்தியாசம்." துல்லியோவும் சிரித்தார். அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் முறை பொலெண்டாக் களி போட்டுக்கொண்டார்.

ஆனால் ஊர் டாக்டர் விடவில்லை. இந்த அளவும் அவருடைய வயதுக்கு ஏற்றது அல்ல, அப்பாவுக்கும் தம்பிக்கும் இருக்கும்போது இதை நம்பி உட்காரக் கூடாது, படம் எடுத்தே ஆகவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எட்சியோ அதை மடித்து டிராக்டரின் ஆடும் கண்ணாடிக்கு முட்டுக்கொடுத்துவிட்டார்.

பேரம் பேசியாகிவிட்டது, வாயைத் திறக்க முடியாது. துல்லியோ ஒரு வாரம் பொறுத்தார். பிறகு தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு திருட்டு வேலை செய்தார். குரல் ஒன்றுதானே. ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போன் போட்டு, "எட்சியோ மார்கெசான் பேசறேன்" என்று சொல்லித் தேதி வாங்கினார். அடைமழை பிடித்து வயலில் எந்திரம் இறங்க முடியாமல்போன ஒருநாள், எந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கவேண்டும் என்று அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு டவுன்ஸ்வில் போனார். பாகத்தையும் வாங்கினார். அதன்பிறகு நேராக ஊருக்குத் திரும்பாமல் ஸ்கேன் சென்டர் வாசலில் போய் நிறுத்தினார்.

"என்னடா இது?"

துல்லியோ ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். திருப்புடா வண்டியை!"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, வாசலில் நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கேட்கும்படி, "எட்சியோ மார்கெசான் வந்தாச்சா?" என்று கூப்பிட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் காரில் ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை எட்சியோ. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

படத்தில் வலதுபக்கம் ஒரு பெரிய கறை. சுரப்பியின் மேலோட்டை முட்டிக்கொண்டு நின்றது. சதை எடுத்துப் பார்த்ததில், துல்லியோவுக்கு இருந்த தூங்குமூஞ்சி வகை இல்லை, வெறிபிடித்த வகை என்று தெரிந்தது. சிலருக்கு நோய் மோசமாக இருக்கும், ரத்தத்தில் அளவு மட்டும் பெரிதாக ஏறாது என்றார் காரிக். "கரு ஒண்ணா இருந்தாலும், கேன்சர் யாருக்கு எப்படி வரும்கிறது தனித்தனிதான்."

அடுத்து, உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது அதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஊசியில் ஏற்றினால் புராஸ்டேட் கேன்சர் அணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அவை எங்கே இருந்தாலும் பெட் ஸ்கேன் படத்தில் விளக்கு மாதிரி எரியும். எலும்பில் ஒரு பொட்டு இருந்தால்கூடத் தெரிந்துவிடும் என்றார்கள். ஆறுதலாகச் சொன்னதுதான். துல்லியோவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. அந்தப் படம் எடுத்து முடிவு வருகிறவரைக்கும் எட்சியோ குனிந்தால், நிமிர்ந்தால், இடுப்பில் கை வைத்தால் துல்லியோ செய்கிற வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். ஒருநாள் எந்திரத்திலிருந்து இறங்கும்போது எட்சியோ முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். துல்லியோ டிராக்டருக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார்.

எட்சியோ அந்த நாட்களில் தம்பியோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். கடைசியாகப் பேசியது பயாப்ஸி முடிவு வந்த அன்று.

"நான் பாட்டுக்கு இருந்தேன். எனக்கு ஒரு வலி இல்ல, ஒரு எழவும் இல்ல. நீதான்டா இதைக் கொண்டுவந்து என் மடியில போட்ட."

அதன்பிறகு வயலில் வயர்லெஸ்ஸில் வருகிற வார்த்தைகள்தான். "வா." "நிறுத்து." "ரொம்பிடுச்சு." துல்லியோ பக்கவாட்டில் டிராக்டரை ஓட்டிக்கொண்டே, வெட்டு எந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவார்.

பெட் ஸ்கேனில் ஒரே ஓர் இடம்தான் எரிந்தது. புராஸ்டேட்டின் வலதுபக்கம். எலும்புகள் இருட்டாக இருந்தன. காரிக் திரையில் காட்டியபோது நீவெஸ் அழுதுவிட்டார். எட்சியோ முகத்தில் எதுவும் தெரியவில்லை. கதிர்வீச்சும் செய்யலாம், அறுவையும் செய்யலாம், இரண்டுக்கும் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்று காரிக் பொறுமையாகச் சொன்னார்.

"எடுத்துப் போட்டுருங்க," என்றார் எட்சியோ. "அரவை முடிஞ்சதும் வர்றேன்."

"அரவை எப்போ முடியும்?"

"நவம்பர். மழை கெடுத்தா டிசம்பர்."

"சில வாரம்னா சரிம்பேன். அவ்வளவு நாள் தள்ளினா நல்லதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

எட்சியோ ஜன்னல் பக்கம் பார்த்தார். "ரோபோ எந்திரம்தானே ஆபரேஷன் பண்ணும்னாங்க. அது தானா ஓட்டுமா?"

"நான்தான் ஓட்டுவேன். நான் அந்தப் பக்கம் ஒரு பெட்டியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். என் விரல் என்ன பண்ணுதோ அதை உங்க வயித்துக்குள்ள நாலு சின்னக் கை பண்ணும். நான் கண்ணை எடுத்தா அது அப்படியே நின்னுடும்."

"உள்ள நல்லாத் தெரியுமா?"

"கையைவிட்டுப் பண்ற காலத்துல ரத்தத்துக்கு நடுவுல தடவித் தடவித் தேடுவாங்க. இப்போ ஒவ்வொரு நரம்பும் பத்து மடங்கு பெரிசாத் தெரியும்." காரிக் சற்று நிறுத்தினார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். புராஸ்டேட்டோட ரெண்டு பக்கமும் நரம்பு ஓடுது. ஆண்மைக்கு அதுதான். இடதுபக்கத்தைக் காப்பாத்திருவேன்னு நெனைக்கிறேன். வலதுபக்கம் கட்டியோட ஒட்டிக்கிட்டிருக்கு. அதை விட்டா கட்டியையும் விட்ட மாதிரி. சிறுநீரும் கொஞ்சநாள் கட்டுல நிக்காது."

திரும்பும் வழியில் கரும்பு ரயில் ஒன்று சாலையைக் கடந்து போனது. அது போகும்வரை காரை நிறுத்தினார் துல்லியோ. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் எட்சியோ வாயைத் திறந்தார்.

"க்வெண்டாகிட்ட என்னடா சொல்வேன்?"

க்வெண்டா ஊரில் பேக்கரி வைத்திருப்பவர். எட்சியோவின் மனைவி இறந்து பல வருடமாகிறது. இந்த ஒரு வருடமாகத்தான் எட்சியோ தினமும் ரொட்டி வாங்கத் தொடங்கியிருந்தார். ஒரு ஆள் எவ்வளவு ரொட்டி தின்ன முடியும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கிறதைச் சொல்லு," என்றார் துல்லியோ.

"சொல்லி? டயப்பர் கட்டிக்கிட்டு வர்றவனை அவ ஏன் வெச்சுக்கணும்? நான் போறதையே விட்டுடறேன்." பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. ரயில் கடந்து போயிருந்தது. "போடா, போ. எதுக்கு நின்னுக்கிட்டிருக்க?"

அரவை முடியும்வரை காத்திருப்பதில்லை என்று முடிவானதும், வெட்டு எந்திரத்தை யார் ஓட்டுவது என்று தேடினார்கள். அரவை நடுவில் சும்மா இருக்கும் ஓட்டுநர் எங்கே கிடைப்பார்? டிராக்டருக்கு மட்டும் ஆள் கிடைத்தது, எந்திரத்தில் துல்லியோ தானே ஏறினார். எட்சியோ பக்கத்தில் படியில் தொற்றிக்கொண்டு நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். "தாழ்த்து! இன்னும்! அய்யோ, மண்ணை அறுக்காதடா, கரும்பை அறு!" முதல்நாள் துல்லியோவின் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வியர்வை வந்திருக்கும். கத்திகள் இரண்டு உடைந்தன. பயந்த கல் ஒன்றும் அகப்படவில்லை, தன் பதற்றத்திலேயே வரப்பில் ஏற்றி உடைத்தார்.

அறுவை நாளன்று மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் துல்லியோவும் நீவெஸும் உட்கார்ந்திருந்தார்கள். தலைகீழாகச் சாய்த்துப் படுக்கவைத்துத்தான் செய்வார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். குடல்கள் மேலே சரிந்து இடம்விடுமாம். அண்ணன் தலைகீழாகக் கிடக்கிறார், வயிற்றுக்குள் எஃகுக் கைகள் போய்வருகின்றன என்ற நினைப்பை ஒதுக்க முடியவில்லை. மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். மதியம் போனது. அதே அறையில் உட்கார்ந்திருந்த இன்னொரு குடும்பத்தைக் கூப்பிட்டு நல்ல செய்தி சொல்லி அனுப்பினார்கள். துல்லியோ கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

"உட்காரு. நீ எந்திரிச்சா சீக்கிரம் முடியப் போகுதா?"

"ஏதோ ஆயிருச்சு நீவெஸ். இல்லைன்னா இவ்வளவு நேரம் ஆகாது. நான் அவனைத் திருட்டுத்தனமாக் கூட்டிக்கிட்டு வந்தேன். அந்த மேசையில அவனுக்கு ஏதாவது ஆனா, நான் பண்ணினதுதான் அது."

"நீ கூட்டிக்கிட்டு வராட்டி என்ன ஆயிருக்கும்னு யோசி."

"அவன் இப்போ வயல்ல இருந்திருப்பான்."

நீவெஸ் தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார். துல்லியோ வாங்கிக் கையிலேயே பொடியாக்கினார்.

வெகுநேரம் கழித்துக் காரிக் வந்தார். அந்தப் பெட்டியில் முகம் புதைத்திருந்ததில் நெற்றியில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. "முழுசா வந்துடுச்சு. பழைய குடலிறக்க ஆபரேஷன்ல வெச்ச வலை ஒண்ணு உள்ள ஒட்டிக்கிட்டிருந்தது, அதைப் பிரிக்கத்தான் நேரமாச்சு. இடதுபக்க நரம்பு இருக்கு. வலதுபக்கத்தை எடுக்கவேண்டியதாப் போச்சு. பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து அனுப்பியிருக்கேன்." துல்லியோ கையிலிருந்த பிஸ்கட் பொடியைத் தட்டிவிட்டு, காரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எட்சியோ மறுநாளே எழுந்து நடந்தார். வயிற்றில் சின்னச் சின்னத் தையல்கள்தான். ஒரு வாரம் சிறுநீர்க் குழாயோடு தம்பி வீட்டில் இருந்தார். குழாயை எடுத்த பிறகுதான் சிரமம் தொடங்கியது. இருமினால் ஒழுகியது, எழுந்தால் ஒழுகியது. தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். ஒருநாள் நடு ஹாலில் நனைந்துபோய் நின்று, கையிலிருந்த டயப்பரைச் சுவரில் வீசி எறிந்தார். "இதுக்குத்தான்டா என்னைக் காப்பாத்தின?" துல்லியோ தரையைத் துடைத்தார்.

அன்று சாயங்காலம் க்வெண்டா வந்தார். நீவெஸ்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கையில், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம். படுக்கையறைக் கதவை எட்சியோ உள்ளே தாழ்போட்டுக்கொண்டார்.

"எட்சியோ, நான் மூணு பிள்ளை பெத்தவ," என்றார் க்வெண்டா கதவைப் பார்த்து. "தும்மினா என்ன ஆகும்னு எனக்கு நீ சொல்லித்தர வேணாம். பை ஆறுது. தொறக்கிறியா, இல்ல துல்லியோவுக்குக் குடுத்துடவா? மூஞ்சி ஒண்ணுதானே!"

தாழ்ப்பாள் விலகியது.

ஆய்வக முடிவு வந்தது. கட்டி மேலோட்டைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது. ஆனால் வெட்டி எடுத்த விளிம்பு சுத்தம், நிணநீர் முடிச்சுகளும் சுத்தம். இன்னும் சில மாதம் போயிருந்தால் விளிம்பு அப்படி இருந்திருக்காது என்றார் காரிக். அதன்பிறகு முதல் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்த வாரங்களில் துல்லியோ கடைசி வயல்களை வெட்டி முடித்தார். பி.எஸ்.ஏ. அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. எட்சியோ போனை வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லையாம்" என்றார். பிறகு தம்பியின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார். மன்னிப்பு என்று அந்த வீட்டில் அதைத்தான் சொல்வார்கள்.

இந்த வருடம் துல்லியோவின் முறை. மறுபடி படம், மறுபடி சதை. ஒன்றும் மாறவில்லை, அப்படியே தூங்குகிறது என்றார் காரிக். "போன வருஷம் அறுத்தே ஆகணும்னு நின்னீங்க. உங்களுக்கு இன்னும் அப்படித் தோணினா பேசலாம். உங்க உடம்பு, உங்க முடிவு."

கட்டியை எடுத்துவிட்டால் இந்தப் பயம் போய்விடும் என்று துல்லியோ ஒரு வருடமாக நினைத்திருந்தார். ஆனால் எட்சியோவுக்கு அறுத்து எடுத்த பிறகும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை முடிவு சொல்லும் போன் மணி அடிக்கும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

"இருக்கட்டும். பாத்துக்கிட்டே இருப்போம்," என்றார்.

வெளியே காரில் எட்சியோ காத்திருந்தார். "என்னவாம்?"

"தூங்குதாம். அடுத்த வருஷம் மறுபடி வரணும்."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பயமாத்தான் இருக்கு எட்சியோ."

எட்சியோ கதவைத் திறந்து காரிலிருந்து இறங்கினார். "எனக்கும்தான்டா," என்றார். பிறகு கார்ச் சாவியைத் தம்பி கையில் திணித்துவிட்டு, "நீ ஓட்டு. வழியில ரெண்டு எடத்துல நிறுத்தணும், அந்தப் பாழாப்போன காப்பியைக் குடிச்சிருக்கக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே மருத்துவமனைக் கழிப்பறையைப் பார்த்து வேகமாக நடந்தார்.